சாமியிடம் கேட்பது சுலபம்

போன மார்கழியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார்கள். பேசியவருக்கு நல்ல குரல், அவ்வப்போது சிரிக்கவும் வைத்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "நம்ம மதத்துல குற்ற உணர்ச்சிங்கிறதே கிடையாதுங்க. அது வெளியிலேர்ந்து வந்த சரக்கு. நாம யாரையும் பாவின்னு சொல்றதில்லை, நம்மளையும் சொல்லிக்கறதில்லை" என்றார். நல்ல கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவும் தட்டினார். சன்னதிப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று காலை மடக்கிக்கொண்டு, தட்டிய கையாலேயே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

பேச்சாளர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1893 செப்டம்பரில் சிகாகோவில் விவேகானந்தர் வாசித்த கட்டுரையில், மனிதனைப் பாவி என்று அழைப்பதே பாவம் என்று ஒரு வரி வருகிறது. அவருடைய குரு ராமகிருஷ்ணரும், 'நான் பாவி, நான் பாவி' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவன் கடைசியில் பாவியாகவே ஆகிப்போவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. என்னைப்போல் கெட்டவன், வஞ்சகன் வேறு யார் என்று சூர்தாசர் பாடிக்கொண்டிருந்தாராம். கேட்ட வல்லபாச்சாரியார், இப்படி எதற்குக் கெஞ்சிக் குழைகிறாய், கண்ணன் லீலையைப் பாடு என்றாராம். அதன் பிறகுதான் இன்று நமக்குத் தெரிந்த சூர்தாசர் வந்தார் என்று அந்த சம்பிரதாயத்தில் சொல்வார்கள். ஆகவே புலம்பல் போதும் என்ற குரல் நம் மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அதே பேச்சாளர் அன்றைக்குத் தொடங்கியதே "பால்நினைந்து ஊட்டும் தாயினும் சாலப் பரிந்துநீ பாவியேனுடைய" என்று பாடித்தான். பாவியேன் அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நமக்குக் காதில் விழுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. அப்பரை எடுத்தால் "குலம்பொல்லேன் குணம்பொல்லேன் குறியும் பொல்லேன் குற்றமே பெரிதுடையேன்" என்று தன்னைத் தானே குற்றப்பத்திரிகையில் நிறுத்திக்கொண்டு, கடைசியில் நான் எதற்குப் பிறந்தேன் என்று கேட்கிறார். மாணிக்கவாசகர் நாயைவிடக் கீழே போகிறார். "யானேபொய் என்நெஞ்சும் பொய்என் அன்பும்பொய்" என்பதற்கு மேல் ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள முடியும்? குற்ற உணர்ச்சி இல்லாத மதம் என்றால் இந்தப் பாட்டுகளையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். எதற்காக இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் எனக்கு நெருட ஆரம்பித்தது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தார் என்பது கதை. இன்றைய பாஷையில் அரசுப் பணக் கையாடல். ஆனால் திருவாசகத்தில் அவர் அழுவது அந்தப் பணத்துக்காக இல்லை. அன்பு போதவில்லையே, உருக வேண்டிய அளவுக்கு உருகவில்லையே என்றுதான் அழுகிறார். பட்டினத்தாரின் "கல்லாப் பிழையும் கருதாப் பிழையும்" பாட்டைப் பல வீடுகளில் பூஜை முடியும்போது சொல்வார்கள். கற்காதது, நினைக்காதது, கசிந்து உருகி நிற்காதது, அஞ்செழுத்தைச் சொல்லாதது, துதிக்காதது, தொழாதது. எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய் என்று முடிகிறது. எல்லாப் பிழையும் என்கிறது, ஆனால் எண்ணிச் சொன்ன ஒவ்வொன்றும் சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. குருக்கள் அர்ச்சனை முடித்து வேகவேகமாகச் சொல்லும் மன்னிப்பு மந்திரமும் அப்படித்தான். மந்திரத்தில் குறை, கிரியையில் குறை, பக்தியில் குறை, எழுத்து விட்டுப்போயிருந்தால் அதற்கும் மன்னிப்பு. பக்கத்து வீட்டுக்காரன் அதில் எங்கும் இல்லை.

மஞ்சள் துணி

இதை இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா வீட்டில் மஞ்சள் முடிச்சுப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா மன்னார்குடிப் பக்கம். அவர் மகனுக்கு, அதாவது எங்கள் அண்ணனுக்கு, கல்யாணம் தட்டிக்கொண்டே போயிற்று. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேயோ ஒரு நேர்த்திக்கடன் நிக்குதும்மா" என்று சொல்லிவிட்டார். நேர்த்திக்கடன் நிற்காத வீடு டெல்டாவில் ஒன்றுகூட இருக்காது என்பது ஜோசியருக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. வயிற்றில் சூலை பிடித்து உருண்ட அப்பர் திருவதிகையில் முதலில் பாடியதே "கொடுமைபல செய்தன நான்அறியேன்" என்றுதானே. வலி வந்ததும் மனசு, நான் என்ன செய்தேன் என்று பின்னோக்கித் தேடப் போய்விடுகிறது.

பெரியம்மா தேடியது பீரோவில். லாக்கருக்குக் கீழ்த்தட்டில், பழைய பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு சுருக்குப்பை. அதற்குள் மஞ்சள் துணி முடிச்சுகள். ஒன்றில் ஒரு ரூபாய் நோட்டு மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆகியிருந்தது. ஒன்றில் நாலணா. அந்த நாலணா 2011லேயே செல்லாமல் போய்விட்டது, ஆனால் கடன் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது. துணியில் மஞ்சள் வெளுத்து, முடிச்சு விழுந்த மடிப்புக்குள் மட்டும் நிறம் மிச்சமிருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தபோது முடிந்தது, எந்தச் சாமிக்கு முடிந்தது, ஒன்றுக்கும் நினைவில்லை. பெரியம்மா ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது உங்க அண்ணனுக்கு அம்மை போட்டப்ப சமயபுரத்துக்குன்னு நினைக்கிறேன்." ஒரு நிமிடம் கழித்து, "இல்ல, வேளாங்கண்ணிக்கா?"

வேளாங்கண்ணி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொற்பொழிவாளர் சொன்னாரே, எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும். வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் ஒரே துணியைக் கிழித்துத்தான் முடிந்து வைப்பார்கள். யாருக்குக் கடன்பட்டோம் என்பதில் பேதமே இல்லை. பட்டுவிட்டோம் என்பதுதான் விஷயம். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தக் கடன் கணக்கை வைத்திருப்பது எப்போதும் பெண்கள். காய்ச்சல் வருவது பிள்ளைக்கு, மொட்டை போடுவது அப்பாவுக்கு, வேண்டிக்கொண்டதும் ஞாபகம் வைத்திருப்பதும் மறந்ததற்காகத் தூக்கம் கெடுவதும் அம்மாவுக்கு. பெரியப்பாவிடம் கேட்டேன். "நான் எதுக்கும் வேண்டிக்கிட்டதில்லைம்மா, எனக்கு பாக்கி இல்லை" என்றார். செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

எந்தச் சாமிக்கு என்று தெரியாததால் எல்லாச் சாமிக்கும் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. கார் பிடித்தார்கள். துணைக்கு நானும் போனேன். சமயபுரத்தில் மாவிளக்கு, வைத்தீஸ்வரன் கோயிலில் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பு மிளகு போட்டு, வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி, கடைசியாகக் குலதெய்வத்துக்குப் பொங்கல். கடைசி முடிச்சையும் அவிழ்த்து உண்டியலில் போட்டபோது பெரியம்மா முகம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன்.

முன்ஜாமீன் கேட்டவர்

அந்த வாரம் நான் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறை படித்துக்கொண்டிருந்தேன். சுந்தரர் கண்ணிழந்த கதை எல்லோருக்கும் தெரியும். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்து, சிவனைத் தூது விட்டு, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து மணந்து, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. இதில் சத்தியம் செய்த விதத்தைத்தான் நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். நான் சன்னதிக்குச் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுந்தரர் சிவனிடம் முன்கூட்டியே பேசிவைக்கிறார். திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறார், பங்குனி உத்திரம் இருக்கிறது, ஒற்றியூரிலேயே தங்கிவிட முடியுமா? ஆகவே ஆள் இல்லாத சன்னதியில் ஒரு பொய்ச் சத்தியம். சிவனும் சரி என்கிறார். சரி என்றவர் நேரே சங்கிலியார் கனவில் போய், அவன் சன்னதியில் சத்தியம் செய்ய வந்தால் ஒப்புக்கொள்ளாதே, மகிழ மரத்தடியில் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கியவருக்கு எதிராக, கோயிலில் பூத்தொடுக்கும் ஒரு பெண் பக்கம் சாய்ந்துவிட்டார் சாமி. ஒற்றியூரில் இன்றைக்கும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. கூட்டம் தாங்காது.

கண் போன பிறகு அவர் பாடிய பதிகங்களை வரிசையாகப் படித்தால் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக எங்கே போய்ச் சேருகிறான் என்பது தெரிகிறது. முதல் பதிகம் ஒற்றியூரைப் பாடியது. "பிழைப்பன் ஆகிலும் திருவடிப் பிழையேன்" என்கிறார். நான் தப்பு செய்தாலும் உன் திருவடிக்குத் தப்பு செய்யவில்லை. வழுக்கி விழுந்தாலும் உன் பேரைத்தானே சொல்கிறேன், கண்ணுக்கு ஒரு மருந்து சொல்லேன். இந்த வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். உன் கணக்கில் நான் நேராகத்தான் இருக்கிறேன், சங்கிலி கணக்கு வேறு, அதற்கு ஏன் நீ கண்ணைப் பிடுங்குகிறாய் என்பதுதான் அதன் பொருளாக எனக்குப் படுகிறது. இதே பதிகத்தில் கோபம் வருகிறது, மூன்று கண் உடையவன் என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் உன் கணக்கு வழக்கென்றால் ஒரு ஊன்றுகோலாவது கொடு என்கிறார். வீட்டுப் பெண்கள் போடா குருடா என்கிறார்கள், தாங்கவில்லை என்கிறார். மகத்தில் புகுந்த சனி மாதிரி வந்து வாய்த்தாயே என்று திட்டுகிறார். அவமானம் இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது. விட்டு வந்த பெண் அங்கே என்ன ஆனாள் என்ற கவலை மட்டும் என் கண்ணில் படவில்லை.

அடுத்து முல்லைவாயிலுக்கு வருகிறார். அங்கே பெயரைச் சொல்லிவிடுகிறார். "சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப" என்று கூப்பிடுகிறார். சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டவனே என்று மட்டும் சொல்லவில்லை, அதைச் செய்ததற்காகப் பண்பு உடையவனே என்கிறார். முதல் பதிகத்தில் கணக்கு வேறு என்று வாதாடியவர், இரண்டும் ஒரே கணக்கு என்று இங்கே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் படிக்கிறேன். கிண்டலாகச் சொன்னார் என்றும் படிக்கலாம், அவருக்கு அந்த வாய் உண்டு.

அப்புறம் வெண்பாக்கம். அங்கே வரும் முதல் வரிதான் எனக்கு இந்த விஷயம் முழுக்கவும்: "பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்". பொறுத்துக்கொள்வார் என்று நினைத்துத்தானே பிழை செய்தேன். பக்தனின் மனசை இவ்வளவு நேர்மையாக யாரும் போட்டு உடைத்ததில்லை. மன்னிப்பு பிழைக்குப் பின்னால் வரவில்லை, முன்னாலேயே வந்து நிற்கிறது. முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் ஆள் கிளம்பியிருக்கிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டதற்குச் சாமி சொன்ன பதில் இன்னும் அழகு. "உளோம் போகீர்." இருக்கிறோம், போய் வாரும். தோழனிடம் பேசும் பேச்சா இது? கையில் ஒரு கோலைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கோபத்தில் சுந்தரர் அந்தக் கோலை வீச, நந்தியின் கொம்பு ஒன்று உடைந்தது என்று ஊரில் சொல்வார்கள். கொம்பு உடைந்த நந்தி பூண்டியில் இருக்கிறது. பழைய கோயில் இருந்த இடம் இப்போது தண்ணீருக்குள். 1944ல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்காகக் கோயிலை இடம் மாற்ற வேண்டியிருந்தது. சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் அந்த வழியாகவும் வருகிறது. இடது கண் காஞ்சியில் வந்தது, வலது கண் திருவாரூரில்.

கண் வந்த பிறகு கதை நேராகப் பரவையார் வாசலுக்குப் போய்விடுகிறது. அவர் கோபத்தைத் தணிக்க நள்ளிரவில் சாமியே திருவாரூர் வீதியில் தூது நடக்கிறார். சங்கிலியாருக்காகச் சாமி கண்ணைப் பறித்தார், அது வரைக்கும் சரி. ஆனால் சுந்தரர் வாயிலிருந்து சங்கிலியாரிடம் ஒரு சொல், அதைத்தான் நான் தேடினேன்.

"அவகிட்ட எப்படிடி கேக்கறது?"

இதைப் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதை அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், நடுநடுவே திருத்தினார். "கண்ணு போனா போகட்டும், அவ என்ன பாவம் பண்ணினா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் வெங்காயம் மட்டும் உரிபட்டது. அப்புறம் வளையல் கதையைச் சொன்னார்.

பெரியப்பாவின் தம்பி சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் மனைவி, பெரியம்மாவுக்கு ஓரகத்தி, எங்களுக்குச் சின்னம்மா. பத்தாம் நாள் சடங்கில் கழற்றிய வளையலைப் பத்திரமாக வைக்கிறேன் என்று பெரியம்மா வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார். ஒரு ஜோடி கெட்டி வளையல், சின்னம்மாவின் பிறந்த வீட்டில் போட்டது. அதற்கு அப்புறம் சின்னம்மா பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போகும்போது கேட்டதற்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அப்போதே வித்தாச்சு என்று பதில் சொல்லப்பட்டது. சொன்னது யார், பெரியப்பாவா பெரியம்மாவா என்று நான் கேட்கவில்லை. வளையல் விற்கப்படவில்லை. அந்த மஞ்சள் முடிச்சுகள் இருந்த தட்டுக்கு மேலே, அதே லாக்கரில்தான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

"மாரியம்மாகிட்ட கன்னத்துல போட்டுக்கிட்டேன், முருகன்கிட்ட விழுந்து கும்பிட்டேன். சாமிகிட்ட கேட்டுக்கறது சுலபம்டி. அது திருப்பி ஒண்ணும் கேக்காது. அவகிட்ட எப்படிடி கேக்கறது?"

இதைக் கேட்ட பிறகு சொற்பொழிவாளரின் கைதட்டலும் என்னுடைய பதிலடியும் இரண்டும் சப்பென்று ஆகிவிட்டன. குற்ற உணர்ச்சி நம்மிடம் இல்லை என்பவர் தெருவில் யாரையும் பார்க்காமல் பேசுகிறார். இருக்கிறது என்று பாட்டுப் பாட்டாக எடுத்துக்காட்டும் நானும் பாதியைத்தான் சொல்கிறேன். மாவிளக்குக்கும் மொட்டைக்கும் மாற்றிவிடக் கூடிய குற்ற உணர்ச்சி நிறையவே இருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும்போது, மாற்ற முடியாத இன்னொன்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறது. பெரியம்மா போலி பக்தை என்று நான் சொல்லவில்லை. அவர் சமயபுரத்தில் அழுத அழுகை நிஜம். ஆனால் அழுதது நாலணாவுக்கு என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

மரபில் இதற்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. துர்வாசர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விரதம் முடிக்க வேண்டிய துவாதசிப் பாரணை நேரம் தப்பிவிடக் கூடாது என்று அம்பரீஷ ராஜா ஒரு வாய் தண்ணீர் குடித்ததற்காக அவனைக் கொல்லப் பூதத்தை ஏவினார். விஷ்ணுவின் சக்கரம் துர்வாசரையே துரத்த ஆரம்பித்தது. பிரம்மா, சிவன் என்று ஓடி, கடைசியில் வைகுண்டத்தில் போய் விழுந்தால், நான் பக்தனுக்கு அடங்கினவன், என்னால் ஆகாது, அவனிடமே போய்க் கேள் என்று விஷ்ணு கையை விரித்துவிட்டார். அத்தனை பெரிய முனிவர் திரும்பி வந்து ராஜாவின் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ராஜா ஒரு வருஷம் சாப்பிடாமல் விருந்தாளிக்காகக் காத்திருந்தான் என்பது பாகவதம் செய்யும் குறும்பு. ஸ்ரீவைஷ்ணவத்தில் பகவானிடம் செய்யும் அபசாரத்தைவிட பாகவதர்களிடம், அதாவது அவன் அடியார்களிடம், செய்யும் அபசாரம் கொடியது என்று திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறந்த கன்றின் அழுக்கைப் பசு நக்குவது போல அடியாரின் குற்றத்தைப் பெருமாள் விரும்பியே ஏற்கிறார் என்று தென்கலையாரும், அப்படியல்ல, கண்டும் காணாதவர் போல் இருக்கிறார் என்று வடகலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடினார்கள். இரண்டு பேருமே, அடியாரைப் புண்படுத்தினால் பெருமாளிடம் போய்ப் பிரயோஜனமில்லை என்பதில் ஒன்றுதான்.

எனக்கு இதில் ஒரு சங்கடம். பாகவதரைப் புண்படுத்தினால் சரி, அம்பரீஷனுக்குச் சக்கரம் இருக்கிறது. சங்கிலியாருக்குக் கனவில் வர சிவன் இருக்கிறார். பாகவதரும் இல்லை, நாயன்மாரும் இல்லை, தாய்வீட்டில் தையல் மெஷின் மிதித்துப் பிள்ளையைப் படிக்க வைத்த ஓரகத்தி என்றால்?

கல்லும் நெல்லும்

இங்கேதான் வள்ளலார் எனக்கு வேறு ஆளாகத் தெரிகிறார். மனுநீதிச் சோழன் கதையை அவர் 1854ல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்று உரைநடையில் எழுதினார். கன்று மகன் தேர்க்காலில் பட்டுச் செத்ததும், இப்படி நேர நான் என்ன பாவம் செய்தேனோ என்று ராஜா புலம்பும் பகுதி பலருக்கு மனப்பாடம். நல்லோர் மனதை நடுங்கச் செய்தேனோ, குடிவரி உயர்த்திக் கொள்ளை கொண்டேனோ, வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ, கல்லும் நெல்லும் கலந்து விற்றேனோ, குடிக்கின்ற நீருள்ள குளம் தூர்த்தேனோ, பட்சியைக் கூண்டில் பதைக்க அடைத்தேனோ. ஆலயக் கதவை அடைத்ததும், குருவை வணங்காததும் இதில் வருகிறது, ஆனால் கூட்டத்தில் ஒன்றாக வருகிறது. பட்டினத்தார் பட்டியலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இதில் கூலிக்காரன் இருக்கிறான், அரிசி வாங்கினவன் இருக்கிறான், வெயிலுக்கு ஒதுங்க மரம் தேடினவன் இருக்கிறான், கூண்டில் பறவை இருக்கிறது. பக்தரா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. பசித்தோர் முகத்தைப் பாராதிருந்தேனோ என்று எழுதினவர் 1867ல் வடலூரில் அடுப்பை மூட்டினார். அது இன்னும் எரிகிறது. எழுதியதற்கும் செய்ததற்கும் நடுவில் இவ்வளவு குறைந்த தூரம் உள்ள எழுத்தாளர்கள் அபூர்வம்.

இதையும் நாம் விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம். எதுகை மோனை நன்றாக விழுந்திருப்பதால் கூட்டாகச் சொல்ல வசதி. ஒரு சன்மார்க்கக் கூட்டத்தில் ஐம்பது பேர் ஒரே குரலில் 'கூலி குறைத்தேனோ' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாகவே இருந்தது. வெளியே பந்தல் பிரித்துக்கொண்டிருந்த ஆளிடம் பேசின தொகையில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்லி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ராஜாவின் புலம்பலில் உள்ள 'ஓ'காரம் அப்படி ஒரு வசதி செய்து தருகிறது. செய்தேன் என்று சொல்ல வேண்டாம், செய்தேனோ என்றால் போதும்.

சின்னம்மா மகளுக்குப் போன தையில் கல்யாணம். பெரியம்மா சீர்த்தட்டில் வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவைக்கு நடுவில் அந்த வளையலை வைத்தார். பத்தரிடம் கொடுத்து மெருகு போட்டிருந்தார். புது நகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியம்மாவுக்குப் பெரிய மனசு, ஓரகத்தி பொண்ணுக்கு யார் இப்படிச் செய்வாங்க என்று மண்டபமே பேசிற்று. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று அதற்கும் பேர் கிடைத்தது. திருடு கொடுத்தவளே சபையில் நன்றி சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "கொடுத்தாச்சுல்ல, அப்புறம் என்ன? மைக் வச்சு சொல்லணுமா?" என்றாள். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொல்லாமல் திருப்பிக் கொடுப்பதும் திருப்பிக் கொடுப்பதுதான். ஆனால் எனக்கு ஒற்றியூர்ப் பதிகத்தின் அந்தத் 'திருவடிப் பிழையேன்' வரி விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அவரே வளையலைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "இங்க ஒரு நசுங்கல் இருக்கும். கெணத்தடியில வழுக்கி விழுந்தப்ப பட்டது. தட்டி எடுத்துட்டாங்க போல" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை, ஒரு நகையின் சரித்திரத்தைச் சொல்லும் சாதாரண முகம். "அன்னிக்கு அக்காவுக்கும் கஷ்டந்தான். எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்" என்றார். அப்புறம் காபியா டீயா என்று கேட்டார்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொல்லாதே, நிம்மதியாக இருக்கட்டும் என்கிறாள் அம்மா. சொன்னால்தான் நிம்மதி என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாள் அதுவும் நிச்சயமாக இல்லை. போன வாரம் பெரியம்மா போன் செய்தார். அண்ணனுக்கு ஒரு வரன் திகைந்து வருகிறதாம். சமயபுரத்தாள் கண் திறந்துவிட்டாள் என்றார். சின்னம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். "நல்லா இருக்காங்க, நீங்களே ஒரு தடவை போன் பண்ணுங்களேன்" என்றேன். நம்பர் சொல்லு என்றார், சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.